டெஸ்டிங் வேலைக்குப் புதிதா? கைகொடுக்கும் குறிப்புகள்

மெக்கானிக்கல் படித்தவர், பி.எஸ்சி. கணிதம் படித்தவர், எம்.சி.ஏ. முடித்தவர் என்று எல்லாரும் ஒரே பேட்ச்சில் சேர்ந்து, சில வாரப் பயிற்சிக்குப் பிறகு சென்னை ஓஎம்ஆரில் ஏதோ ஒரு மாடியில் டெஸ்டராக உட்கார்கிறார்கள். பயிற்சியில் கொடுத்த பிபிடியை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. தொழில் கைக்கு வருவது பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தும், தானே நோண்டிப் பார்த்தும்தான். அந்த நோண்டலைக் கொஞ்சம் உருப்படியாகச் செய்ய இந்தக் குறிப்புகள். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

1. கேடி (நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்) நடக்கும்போது, ரெக்கார்டிங் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தப் 'பிறகு' வரவே வராது. கேடி முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ரிவர்ஸ் கேடி கொடுக்கிறேன் என்று நீங்களாகவே கேளுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, "சரி, பேமென்ட் ஃபெயில் ஆச்சுன்னா ஆர்டர் என்ன ஆகும்?" என்று சீனியர் குறுக்கே கேட்பார். நாக்கு ஒட்டிக்கொள்ளும். எந்தெந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதோ அதையெல்லாம் குறித்துக்கொண்டால், முதல் மாதம் எதைப் படிப்பது என்ற பட்டியல் தயார்.

2. ப்ராஜெக்ட் ஆவணங்களைவிடப் பழைய பக்குகள் அதிகம் பேசும். ஆவணம் எழுதியவர் சாஃப்ட்வேர் எப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியிருப்பார்; அது எப்படி நடந்துகொண்டது என்பது பக் பட்டியலில்தான் இருக்கிறது. ஜிராவிலோ உங்கள் டீம் வைத்திருக்கும் வேறு டூலிலோ கடந்த ஓராண்டில் மூடிய பக்குகளை எடுத்து, தினமும் காலையில் பத்து படியுங்கள். முதலில் ப்ரொடக்‌ஷனில் வாடிக்கையாளர் கண்ணில் பட்டவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மாட்யூல், என்ன டேட்டா கொடுத்தபோது வந்தது, நம் டீமின் கையிலிருந்து எப்படித் தப்பியது. ஒரே மாட்யூலின் பெயர் திரும்பத் திரும்ப வருவதை இரண்டே வாரத்தில் கவனிப்பீர்கள். அடுத்த ரிலீஸில் முதலில் அங்கே போங்கள். 'ரிஜெக்டட்' என்று மூடியவற்றையும் விடாதீர்கள். டெவலப்பர்கள் எதை பக் என்று ஒப்புக்கொள்வதில்லை, என்ன காரணம் சொல்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

3. வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒரு பயிற்சி. 1979-ல் க்ளென்ஃபோர்ட் மையர்ஸ் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' நூலின் தொடக்கத்திலேயே வரும் கணக்கு இது. ஒரு ப்ரோகிராம் மூன்று முழு எண்களை வாங்கிக்கொண்டு, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் சமபக்கமா, இருசமபக்கமா, அசமபக்கமா என்று சொல்ல வேண்டும். இதற்கு என்னென்ன டெஸ்ட் கேஸ் எழுதுவீர்கள்? மேலே படிக்காமல் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்.

எழுதியாயிற்றா? 3, 4, 5 எல்லாரும் எழுதுவார்கள். 5, 5, 5 எழுதுவார்கள். 5, 5, 3 எழுதியவர் அதையே 5, 3, 5 என்றும் 3, 5, 5 என்றும் மாற்றி எழுதினாரா? 1, 2, 3 கொடுத்தால் இரண்டு பக்கங்களின் கூட்டல் மூன்றாவதற்குச் சமம். அது முக்கோணமே இல்லை, நேர்கோடு. 1, 2, 4-ம் இல்லை. பூஜ்யம், மைனஸ், மூன்றுமே பூஜ்யம், 2.5 மாதிரி பின்னம், மூன்றுக்குப் பதில் இரண்டே எண்... மையர்ஸ் 14 கேள்விகள் கேட்கிறார். நல்ல அனுபவமுள்ள ப்ரோகிராமர்களே சராசரியாக 7.8-தான் வாங்கினார்கள் என்று எழுதுகிறார். பலரும் கோட்டை விடுவது பதினான்காவது கேள்வியில்: ஒவ்வொரு கேஸுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதினீர்களா?

4. அந்தப் பதினான்காவது கேள்விக்குத் தனிக் குறிப்பே போடலாம். 'எக்ஸ்பெக்டட் ரிசல்ட்' கட்டத்தில் "சரியான தொகை வர வேண்டும்" என்று எழுதுபவர்கள் ஒவ்வொரு டீமிலும் உண்டு. எது சரியான தொகை? பில்லிங் சாஃப்ட்வேரில் 99.50 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடுங்கள்: 17.91. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் 8.955. தனித்தனியாக பைசாவுக்கு முழுமையாக்கினால் 8.96, 8.96, சேர்த்தால் 17.92. ஒரு பைசா கூடிவிட்டது. ஒரு நாளைக்கு லட்சம் பில் போடும் கடையில் அந்த ஒரு பைசா ஆடிட்டர் மேஜைவரை போகும். கால்குலேட்டரில் விடையை முதலில் போட்டு வைத்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு, "ம், சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டினால் படாது. இரண்டில் எது சரி என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்; பிசினஸ் அனலிஸ்ட்டிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. சப்மிட் பட்டனை இரண்டு முறை தட்டுங்கள். நம் அப்பா அம்மா எல்லா ஆப்பிலும் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

6. வயது 18 முதல் 60 வரை என்றால் 17, 18, 60, 61 கொடுத்துப் பார்ப்பது பயிற்சியிலேயே வந்திருக்கும். தேதிக்கும் அதே மாதிரி ஓரங்கள் உண்டு. பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்கு 18 வயது எந்த நாளில் நிறைகிறது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். லீப் ஆண்டின் 366-வது நாளையும் விடாதீர்கள். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் மியூசிக் ப்ளேயர்கள் அப்படியே உறைந்து நின்றன. அந்த ஒரு நாளைக் கணக்கிடும்போது கோடில் இருந்த சுழற்சி முடியவே இல்லை. மறுநாள் பேட்டரி தீர்ந்து மறுபடி இயக்கியதும் சரியாகின.

7. அமெரிக்க க்ளையன்ட் என்றால் தேதி வடிவம் ஒரு நிரந்தரத் தலைவலி. 25/12 கொடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 25-ஐ மாதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் தவறு உடனே வெளியே வந்துவிடும். 04/03 கொடுங்கள். நாளும் மாதமும் இடம் மாறினாலும் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று: அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3-க்குத் தாவிவிடும். அன்றைக்கு 2.30 என்ற நேரமே கிடையாது. 2.30-க்கு ஓட வேண்டிய இரவு வேலை ஏதாவது உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறதா?

8. பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பிறவியிலேயே ஓர் அனுகூலம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் ஓர் எழுத்தைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று எத்தனை படிவங்கள் நம்மைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன! அந்த எரிச்சலை டெஸ்ட் டேட்டாவாக மாற்றுங்கள். ஓரெழுத்து இனிஷியல், முன்னால் இரண்டு இனிஷியல், நடுவே புள்ளி, லாஸ்ட் நேம் காலி. வெளிநாட்டில் எழுதிய சாஃப்ட்வேரில் பாதி இடத்தில் இது மாட்டும்.

9. தமிழ் எழுத்தை ஏற்கும் ஆப் என்றால் வேலை இரட்டிப்பு. 'கோமதி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள். 'ஸ்ரீ' ஒன்றே நான்கு. "அதிகபட்சம் 10 எழுத்து" என்று கட்டம் சொன்னால் எந்தக் கணக்கில் பத்து? இதைவிட நுணுக்கமான ஒன்று: 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு விதமாகச் சேமித்த பெயரை இன்னொரு விதமாகத் தட்டித் தேடினால், அதற்கென்று கோட் எழுதியிருந்தால் ஒழியக் கிடைக்காது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஆப்பா? ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 குறிகள், தமிழில் 70. ஆங்கிலத்தில் ஒரே மெசேஜாகப் போனது தமிழாக்கத்துக்குப் பிறகு மூன்றாகப் பிரிந்து, செலவும் மூன்று மடங்கு ஆகியிருக்கும்.

10. ஒரு கட்டம் எத்தனையாவது எழுத்தில் வெட்டுகிறது என்று விரல் விட்டு எண்ணாதீர்கள். இப்படி ஒரு வரிசையை ஒட்டுங்கள்: 2*4*6*8*11*14*17*20* என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு நட்சத்திரக் குறிக்கும் முன்னால் இருக்கும் எண், அந்தக் குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். கடைசியில் தெரிவது 50* என்றால் சரியாக ஐம்பதில் வெட்டியிருக்கிறது. டெஸ்டிங் நிபுணர் ஜேம்ஸ் பாக் பரப்பிய உத்தி இது. 'கவுன்ட்டர்ஸ்ட்ரிங்' என்று தேடினால் தயாரித்துத் தரும் இலவச டூல்கள் கிடைக்கும்.

11. டெஸ்ட் டேட்டாவுக்கு வீட்டிலுள்ளவர்களின் ஆதார் எண்ணையோ மொபைல் எண்ணையோ போடவே போடாதீர்கள். நள்ளிரவில் அத்தைக்கு ஓடிபி போகும். அது போகட்டும், டெஸ்ட் டேட்டாபேஸை யார் யார் காப்பி எடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

12. 'ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை' என்று பக்கை மூடுவதற்கு முன் தெராக்-25 கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம் அது. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் டைலர் நகர மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு அளவுக்குப் பல மடங்கு அதிகமாகக் கதிர்வீச்சு பாய்ந்தது. திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரி மட்டும். தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் முயன்றபோது எதுவும் ஆகவில்லை. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரலில் இன்னொருவருக்கும் அதே கதி. இருவருமே பிழைக்கவில்லை.

அதன் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கிய பெண்ணையே கூட வைத்துக்கொண்டு அவர் செய்ததை அப்படியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அந்தப் பெண் அனுபவசாலி, விரல்கள் பறக்கும். எலக்ட்ரான் என்பதற்கான எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரேவுக்கான எழுத்தைத் தட்டிவிட்டு, தவறு தெரிந்ததும் கர்சரை மேலே நகர்த்தித் திருத்திவிட்டு, என்டரைத் தட்டிக்கொண்டே கீழே வந்தார். இந்தத் திருத்தம் சுமார் 8 விநாடிக்குள் முடிந்தால் மட்டும் பிழை வந்தது. நிதானமாகத் தட்டிப் பார்த்தவர்கள் யாருக்கும் வரவில்லை.

ஆகவே பக் சொன்னவரிடம் என்ன செய்தீர்கள் என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். "ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வங்கி கவுன்ட்டரில் இருப்பவர் மவுஸைத் தொடுவதே இல்லை; டேப் கீயும் நம்பர் பேடும்தான். நாம் டெஸ்ட் செய்ததெல்லாம் மவுஸால்.

13. பக் எழுதும்போது தலைப்பிலேயே விஷயம் தெரிய வேண்டும். "லாகின் வேலை செய்யவில்லை" என்பது டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது மாதிரி. "பாஸ்வேர்டில் & குறி இருந்தால் லாகின் ஆகவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை; பில்ட் 4.2, ஆண்ட்ராய்டு 13" என்று எழுதினால் டெவலப்பர் படிக்கும்போதே எந்த ஃபைலைத் திறப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு பக்குக்கு ஒரு டிக்கெட். இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மூடிவிடுவார்கள். "மிகவும் மோசமாக", "படு ஸ்லோவாக" போன்ற சொற்களை எடுத்துவிட்டு விநாடியைப் போடுங்கள்.

14. "என் மெஷின்ல வேலை செய்யுதே" என்று டெவலப்பர் சொன்னால் கோபப்படாதீர்கள், மெயிலில் பதிலுக்குப் பதில் போடவும் வேண்டாம். எழுந்து அவர் சீட்டுக்குப் போய், "ப்ரோ, ஒரு நிமிஷம், ரெண்டு பேரும் ஒரே பில்ட்லதான் இருக்கோமான்னு பார்த்துடலாமா" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது அற்ப விஷயமில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய கோட் உயிர் பெற்று, ஆர்டர்களை வாரி இறைத்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நஷ்டம்.

15. "இந்த மாட்யூல்ல மாற்றமே இல்லை, டெஸ்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்வார்கள். சுற்றியிருப்பது மாறியிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஏறக்குறைய 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அதில் ஒரு பகுதி மென்பொருள், ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அதே கோட். புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகமாகப் போனதால், 16 பிட் இடத்தில் 32,767-க்கு மேற்பட்ட எண்ணைத் திணிக்கப் பார்த்து நின்றுபோனது. அந்தக் கணக்கே கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையில்லாத கணக்கு என்பதுதான் கொடுமை.

16. திரையில் பச்சை நிறத்தில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தால் நம்பாதீர்கள். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறங்கள். ஸ்டேட்டஸ் 200 என்று சமர்த்தாக இருக்கும். ரெஸ்பான்ஸைத் திறந்தால் உள்ளே பிழைச் செய்தி இருக்கும். பிறகு டேட்டாபேஸுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். ஒரு வரிசை சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேர்ந்திருந்தால், ஐந்தாவது குறிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது. இதற்கு வேண்டிய எஸ்க்யூஎல் கொஞ்சம்தான்: செலக்ட், ஜாயின், க்ரூப் பை. ஒரு மாதம் தினமும் பயன்படுத்தினால் கைக்கு வந்துவிடும், தனிக் கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

17. டெஸ்ட் கேஸைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதோடு, வாரத்தில் ஒரு நாளாவது கேஸ் இல்லாமல் அலைந்து பாருங்கள். 'எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங்' என்று 1984-ல் கெம் கேனர் பெயர் வைத்தது இதற்குத்தான். அலைவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜேம்ஸ் பாக்கும் அவர் தம்பி ஜோனதன் பாக்கும் 2000 வாக்கில் வகுத்த முறைப்படி, ஒரு செஷன் சுமார் 90 நிமிடம், தொடங்கும் முன் ஒரே வரியில் நோக்கம்: "கூப்பன் போட்ட பிறகு பொருளைத் திருப்பினால் தொகை எப்படி மாறுகிறது?" போனை மௌனமாக்கிவிட்டு உட்காருங்கள். செய்தது, சந்தேகப்பட்டது, யாரிடம் கேட்க வேண்டும் என்று மூன்றையும் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். என் அனுபவத்தில் இந்தச் 'சந்தேகப்பட்டது' பகுதியில்தான் அடுத்த பெரிய பக் ஒளிந்திருக்கும்.

18. ஆட்டோமேஷன் தெரியாவிட்டால் வேலை போய்விடும் என்று பயமுறுத்துபவர்கள் நிறைய. கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் இன்னும் ஓடுகிறது, ப்ளேரைட்டும் பரவிவிட்டது. ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரியாதவர் எழுதும் ஸ்க்ரிப்ட், பக்கம் திறந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு 'பாஸ்' சொல்லும். மாதக்கணக்கில் ஒரு முறைகூட ஃபெயில் ஆகாத ஸ்க்ரிப்ட் இருந்தால், அது எதிர்பார்க்கும் விடையை வேண்டுமென்றே மாற்றி ஓட்டுங்கள். அப்போதும் பச்சைதான் காட்டுகிறது என்றால் அது எதையும் சரிபார்க்கவில்லை.

19. ஐஎஸ்டிக்யூபி அடிப்படைச் சான்றிதழ் வாங்கலாமா? 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் பாஸ். ரெஸ்யூமே வடிகட்டும் இடத்தில் உதவும். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசும் சொற்கள் புரியும். சேர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு படித்தால், எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று தெரிந்து படிக்கலாம்.

20. வீட்டில் பழக, சாஸ் லேப்ஸ் நிறுவனம் பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் 'ஸ்வாக் லேப்ஸ்' மாதிரிக் கடை இருக்கிறது. அதில் 'ப்ராப்ளம் யூசர்' என்ற கணக்கில் நுழைந்தால் பொருட்களின் படங்களே மாறித் தெரியும். வேறு என்னவெல்லாம் கோளாறு என்று நீங்களே தேடுங்கள். பழகுகிறேன் பேர்வழி என்று வங்கித் தளத்திலோ அரசுத் தளத்திலோ கை வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரும். மூன்றாண்டுவரை சிறைகூட உண்டு.

21. டெஸ்ட் செய்து அனுப்பியதிலிருந்து ப்ரொடக்‌ஷனில் பக் வந்தால், மூலக் காரணம் தேடும் ஆர்சிஏ மீட்டிங்கில் யார் தவறு என்ற பேச்சு நீளும். அதில் சிக்காமல் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: எந்த டேட்டாவோடு, எந்த இடத்தில் பார்த்திருந்தால் இது மாட்டியிருக்கும்? பதிலை அன்றைக்கே ரெக்ரஷன் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

22. வெள்ளிக்கிழமை கேப் ஏறும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் பிடித்த முக்கியமான பக் எது, அது வெளியே போயிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். எத்தனை பக் என்ற எண்ணிக்கை வேண்டாம்; எழுத்துப்பிழை நாற்பது பிடித்தவரும் அந்தக் கணக்கில் முதலிடம் பிடித்துவிடுவார். அப்ரைசல் சமயத்தில் மேனேஜருக்கு டிசம்பர் மாதம் நடந்தது மட்டும்தான் நினைவிருக்கும். ஜனவரியில் பிடித்ததை நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.